சரியாக ஒன்று

தனியாக வாழும் முதியவர் பிச்சாண்டியை அவருடைய வீடே கருவிகள் வழியாகக் கண்காணிக்கும். மாதம் ஒரு முறை அந்த வீடு, அவர் விழுந்துவிட்டதாகப் பாவனை செய்துகொள்ளும். நிஜமாகவே விழுந்தால் மகள் கோமதியை அது அழைக்குமா என்று பார்க்கும் சோதனை அது. சோதனை நடக்கும் பத்து நிமிடமும் அழைப்புகள் நிஜக் கோமதிக்குப் போகாது; அவள் இடத்தில் கணினிக்குள் ஒரு போலிக் கோமதி இருப்பாள். போலி வாய் திறக்காது, ஓடி வராது. எத்தனை அழைப்பு வந்தது என்று மட்டும் எண்ணும்.

அந்த அடுக்ககத்தின் நூறு வீடுகளையும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சோதிப்பவள் ஜெபராணி.

"ஒரு அழைப்பாவது வந்தா சோதனை தேறிச்சுன்னு போட்டுட்டுப் போம்மா, வேலை முடியும்" என்று மேலாளர் சலித்துக்கொள்வார்.

"சரியா ஒண்ணுதான் சார் வரணும்" என்று அவள் பிடிவாதமாக நிற்பாள்.

அன்று பிச்சாண்டி வீட்டுச் சோதனையில் அவள் திரை சிவந்தது. போலிக் கோமதிக்கு இரண்டு அழைப்புகள் வந்திருந்தன.

வீடு பாவனை செய்தது ஒரு முறைதான். அப்படியானால் இன்னொன்று? ஜெபராணி செருப்பைக்கூட மாட்டாமல், மாற்றுச் சாவியோடு நான்கு மாடி ஓடி ஏறினாள். குளியலறைத் தரையில் பிச்சாண்டி மயங்கிக் கிடந்தார்.

அவர் பிழைத்துத் தேறி வீடு திரும்பினார். அடுத்த மாதச் சோதனையன்று அவரே போன் செய்தார்.

"தாயி, நீ குடுத்த உசுரு இது. நாற்காலியில கெட்டியா உக்காந்திருக்கேன். நீ எண்ணி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

ஜெபராணி சிரித்துக்கொண்டே சோதனையைத் தொடங்கி, திரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் ஐயா."

"அப்ப எந்திரிச்சு ரெண்டு காப்பி போடுறேன். மேல வா."