ஒன்பது பதினைந்து வரை கெடு

"மேடைக்கு வாங்கம்மா. நாலு வார்த்தை பேசினா போதும்."

"இப்பவா அண்ணே? ஒன்பது பதினஞ்சுக்குள்ள நான் கீழ போகணும். இல்லன்னா எல்லாம் தானா பழையபடி ஆயிடும்."

மாநாட்டுச் செயலாளர் தலையாட்டிக்கொண்டே அவள் கையில் ஒரு தாளைத் திணித்தார். தொடக்க உரை ஆற்ற வேண்டிய தலைவர் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாராம். அரங்கின் இணைய இணைப்பைக் கவனிப்பவள் அவள்தானே, அறிவிப்புகளையும் அவளே படித்துவிடலாமாம்.

மணி ஒன்பது இரண்டு.

உள்ளே நானூறு பேர். அத்தனை பேருக்கும் நெட்வொர்க் நடத்துவதுதான் பிழைப்பு. காலையில் பாதிப் பேருக்குத்தான் இணைப்பு கிடைத்தது. அதனால் கீழே இணையக் கருவி இருக்கும் அறைக்கு ஓடிப்போய், ஒன்பது மணிக்கு அமைப்பை மாற்றிவிட்டு வந்திருந்தாள். அந்தக் கருவி எதை மாற்றினாலும் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் அரங்கில் சோதித்துவிட்டு, அதே அறைக்குத் திரும்பி 'சரி' என்று கொடுத்தால் புதியது நிலைக்கும், பழையது அழிந்துபோகும். கொடுக்காவிட்டால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

திரும்பினால் மறுபடி இருநூறு பேர் முறைப்பார்கள். போன வருடம் இந்த வேலையைப் பார்த்தவர் கையில் இணைப்பு அரைமணி நேரம் செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'அரைமணி' என்றே பெயர். வீட்டில் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

அவளுக்குப் பெயரோடு போகாது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் படுத்துச்சுன்னா, நீ வேற வேலை பாத்துக்கம்மா."

மேடையேறினாள். கழிப்பறை எந்தப் பக்கம், தீப்பிடித்தால் எந்தக் கதவு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று படித்தாள். சிவப்புக் கயிற்றில் அடையாள அட்டை மாட்டியிருப்பவர்களை யாரும் படம் எடுக்கக் கூடாது என்றாள். ஒருவரும் நிமிரவில்லை. எல்லார் கண்ணும் மடிக்கணினியில்.

ஒன்பது ஏழு. பின்னால் ஒருவர் கை தூக்கினார். அப்புறம் இன்னொருவர். கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அடக்கினாள். மேலாளர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். சீக்கிரம் முடி என்கிறாரா, நிறுத்து என்கிறாரா? தாளைத் திருப்பினால், பின்பக்கமும் எழுத்து.

நன்றி சொல்லி இறங்கும்போது ஒன்பது பன்னிரண்டு.

லிஃப்ட் ஏழாவது மாடியிலேயே நின்றிருந்தது. படியில் இரண்டிரண்டாகத் தாவினாள். சோதிக்காமல் 'சரி' கொடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். எத்தனை பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் சோதிக்க நேரம் எங்கே இருக்கிறது? கருவி அறைப் பூட்டில் சாவி நுழைய மாட்டேன் என்றது.

திரையில் ஐம்பது விநாடி மீதம்.

'சரி' கொடுத்தாள்.

சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செயலாளர் மூச்சிரைக்க வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"இங்கதான் இருக்கீங்களா? ஒன்பது மணிலேர்ந்தே ஒருத்தருக்கும் இணைப்பு இல்லம்மா. காலையில வந்துக்கிட்டிருந்த பாதிப் பேருக்கும் போச்சு. அதைச் சொல்லத்தான் கை தூக்கினாங்க. மேலாளர் கொதிச்சுப் போயிட்டாரு."

அவள் சட்டென்று எழுந்து திரையைப் பார்த்தாள்.

"பதறாதீங்க, நான் சமாளிச்சுட்டேன். ஒன்பது பதினஞ்சுக்குத் தானா பழையபடி ஆயிடும், நம்ம நெட்வொர்க் அம்மா முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்கன்னு மைக்குல சொல்லிட்டு வரேன். மேலாளரே கைதட்டினாரு. நானூறு பேரும் கடிகாரத்தைப் பாத்து எண்ணிக்கிட்டு இருக்காங்க."