சேர்மத்துரையின் பதிலாள்

தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தில் சேர்மத்துரையைப் பிடித்துப் போனார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. வீடு தவிக்கக் கூடாதென்று அவன் முகம் வைத்த இயந்திரம் ஒன்றை அரசாங்கம் அனுப்பியது. அது உப்பளத்தில் அவனைப் போலவே உப்பு வாரியது.

இயந்திரம் வந்தும் குடும்பத்தில் குறை இருந்தால்தான் ஆளை விடுவிப்பார்கள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவன் மனைவி முத்துக்கிளி ஆசையோடு சொன்னாள்: "குழம்புல உப்பு கூடுனா எங்க வீட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டு, 'அளத்தையே கொண்டாந்து கொட்டிட்டியாட்டி?'ன்னு கேப்பாரு. இது வாயத் தெறக்காம தின்னுட்டுப் போவுது, சார்."

மறுநாளே இயந்திரம் தட்டைத் தள்ளி அப்படியே கேட்டது. குறை தீர்ந்ததென்று காவலை நீட்டித்தார்கள்.

அடுத்த முறையும் அதிகாரி கேட்டார். "வேற குறை இருக்காம்மா?"

வேலை முடிந்ததும் குடத்தில் மிஞ்சிய நல்ல தண்ணீரைச் சேர்மத்துரை முதலில் அவளுடைய வெடித்த பாதத்தில்தான் ஊற்றுவான். எரியுமே என்று ஊதியும் விடுவான்.

"ஒண்ணுமில்ல, சார்," என்றாள்.

அன்று மாலை அளத்து வரப்பில் உட்கார்ந்து, தன் காலில் தானே தண்ணீர் ஊற்றினாள். இயந்திரம் குனிந்து பார்த்தது.

"பாக்காதலே. இது அவரு வேல. அந்தப் பக்கம் திரும்பு."