அட்டைப்படம்

மாண்டிசோரி அரசுப் பள்ளியின் சேர்க்கைக் கையேட்டு அட்டைக்குத் தலைமையாசிரியை கொரின் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். மணிச்சரத்தை எண்ணும் கறுப்பினச் சிறுமி.

"இவதான். இங்க எல்லா இனத்துப் பிள்ளைங்களும் படிக்கிறாங்கன்னு பார்த்ததுமே தெரியணும்."

"எந்த வகுப்பு இவ?" என்றார் எழுத்தர் டார்லின்.

"ஏதோ ஒண்ணு. படத்துக்குப் பின்னால அம்மா நம்பர் இருக்கு, சம்மதம் கேளுங்க."

டார்லின் பேசிவிட்டு வந்தார்.

"போட்டுக்கச் சொன்னாங்க. ஆனா ஒண்ணு கேட்டாங்க."

"என்னவாம்?"

"போன வருஷம் பள்ளியைச் சுத்திப் பார்க்க வந்தப்ப எடுத்த படமாம். சேர்க்கைக் குலுக்கல்ல பேரு வரல. காத்திருப்புப் பட்டியல்ல நாப்பத்தொண்ணாவதா இருந்தாளாம், இப்ப எத்தனாவதுன்னு கேக்கறாங்க."

கொரின் படத்தை மறுபடி பார்த்தார்.

"சம்மதக் கையெழுத்து எப்பத் தருவாங்களாம்?"