உருண்டை

மங்கை தத்தெடுத்த குழந்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் மாடிக்குப் போகும் மரப்படிக்கட்டு பாதுகாப்பானது என்று சான்றிதழ் வாங்க வேண்டும். சோதிக்க வந்த பரிமளா படிகளை மிதித்துப் பார்த்தார். மரம் உறுதியாகத்தான் இருந்தது. பிறகு பையிலிருந்து, கைக்குழந்தையின் தலையளவு இருந்த ஒரு மர உருண்டையை எடுத்துக் கைப்பிடிச் சட்டங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் வைத்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே விழப்போனது. கூடத்தில் நின்ற மங்கை, "ஐயோ!" என்று ஓடிவந்து இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துவிட்டாள்.

"இப்படியே விட்டா சான்றிதழ் தர முடியாதும்மா. நடுவுல ஒவ்வொரு சட்டம் அடிச்சிடுங்க. நான் இருந்து பாத்துட்டே போறேன்," என்றார் பரிமளா.

மங்கையின் கணவன் இளவழகன் போய்த் தச்சரை அழைத்துவந்தான். வேலை முடியும்வரை மங்கை உருண்டையைக் கீழே வைக்கவில்லை. சுத்தியல் சத்தம் பலமாகக் கேட்டபோதெல்லாம் மார்போடு சேர்த்துக்கொண்டாள். பரிமளாவும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

"நீங்களே வச்சுப் பாருங்க," என்றார் கடைசியில்.

மங்கை வைத்தாள். உருண்டை சட்டங்களில் தட்டி நின்றது.

"நல்லா அழுத்தணும். பிள்ளைங்க சும்மா இருக்காது, தலையைக் குடுத்து முட்டும்."

மங்கைக்குக் கை வரவில்லை. "வலிக்கும் மேடம்," என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இளவழகன் படியில் அவளருகே உட்கார்ந்து அவள் கைமேல் தன் கையை வைத்தான். இருவருமாக மெல்ல அழுத்தத் தொடங்கினார்கள்.