அவசரம், உடனே உதவவும்

“‘மைக் வேலை செய்யல. அவசரம். உடனே உதவவும்.’ அது சரி, இதுக்குப் பின்னாடி இத்தனை ஆச்சரியக்குறி எதுக்கு?” மனைவியின் ஃபோனை எட்டிப் பார்த்துக் கேட்டான் கணவன்.

“என் வயித்தெரிச்சல் படிக்கறவங்களுக்கும் புரியட்டும்னுதான்” என்றாள் அவள்.

அவள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. புத்தகத்தை வாசித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்யும் வேலை. எத்தனையோ இடத்தில் கேட்டு அலைந்து இப்போதுதான் முதல்முறையாகக் கையில் கிடைத்திருந்தது. கடைசி அத்தியாயம் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மொத்தப் புத்தகத்தையும் வேறு குரலில் எடுத்துக்கொள்வோம் என்று பதிப்பாளர் தேன் தடவிச் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது.

“என்னதான் ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லேன்” என்றான் கணவன். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வருகிற அழைப்புகளை எடுத்துப் பேசுபவன் அவன். ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்தவன், இவள் போட்ட சத்தத்தில் எழுந்து வந்து நின்றான்.

“உங்ககிட்ட சொல்லி? பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கத் தெரியாது உங்களுக்கு. இன்டர்நெட்ல கம்ப்யூட்டர் மன்றம் ஒண்ணு இருக்கு, எல்லாம் கரைச்சுக் குடிச்சவங்க. அவங்களே கைவிட்டுட்டாங்க. ஒருத்தன் ‘எந்த மைக்?’ங்கறான். இன்னொருத்தன் நிர்வாகியாம், ‘விதிகளைப் படித்துவிட்டு எழுதவும்’ங்கறான். விடுவேனா? நறுக்குன்னு நாலு கேட்டுட்டேன்.”

அவன் அவளுடைய ஃபோனை வாங்கிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். கண் கலங்கி, மூக்கு சிவந்து, இன்னொரு வார்த்தை சொன்னால் உடைந்துவிடுவாள் போலிருந்தாள். அவனுக்குப் பாவமாக இருந்தது.

“நீ சொல்லு. நான் பணிவா எழுதிப் போடறேன்” என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“என்னத்தச் சொல்ல? ஒயரைக் கழட்டி மாட்டிட்டேன். கம்ப்யூட்டரை அணைச்சு அணைச்சுப் போட்டுட்டேன். மைக்கைத் துடைச்சு, தட்டி, கும்பிடாத குறைதான்.”

கொஞ்ச நேரம் தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்தான். “‘தூங்காதவன்’ங்கற பேர்ல ஒருத்தர் பதில் போட்டிருக்கார். ‘வேலை செய்யலன்னா என்ன? சத்தமே வரலையா, வந்தும் சரியில்லையா?’”

“அட, அதுக்குள்ளயா! வருதுன்னு எழுதுங்க. ஆனா கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி வருது.”

“‘கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?’ங்கறார்.”

“நேத்து மத்தியானம் வரைக்கும்.”

“‘அதுக்கப்புறம் புதுசா எதையாவது மாட்டினீங்களா, மாத்தினீங்களா?’”

“ஒண்ணுமே மாத்தலன்னு சொல்லுங்க.”

“‘எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்வாங்க. நிதானமா யோசிங்க, நான் லைன்லயேதான் இருக்கேன்’ங்கறார்.”

இதையே வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் பாய்ந்து பிடுங்கியிருப்பாள். முகம் தெரியாத மனிதர் என்பதாலோ என்னவோ, சாய்ந்து உட்கார்ந்து யோசித்தாள். “அக்காகிட்ட கம்ப்யூட்டர்ல வீடியோ கால் பேசினேன். அவ்வளவுதான்.”

“‘பதிவுல ஒரு இடத்துலயாவது குரல் தெளிவா இருக்கா?’”

அவள் பதிவை ஓடவிட்டுக் கேட்டாள். புருவம் உயர்ந்தது. “இருக்கு! ஒரே ஒரு இடம். பதிவை நிறுத்தாம எழுந்து போய் உங்களைத் திட்டியிருக்கேன். அது மட்டும் கணீர்னு விழுந்திருக்கு.”

“என்னன்னு திட்டின?”

“இது அவர் கேள்வியா, உங்க கேள்வியா?”

“என்னுதுதான்.” அவன் சட்டென்று ஃபோனில் குனிந்துகொண்டான். “அவர் என்ன கேக்கறார்னா, ‘அப்ப எங்க நின்னு திட்டினீங்க?’”

“இதென்ன கேள்வி? முகம் துடைக்க டவல் எடுக்கலாம்னு பீரோவைத் திறந்து...”

பேச்சு பாதியில் நின்றது. எழுந்து ஓடினாள்.

பீரோவில் டவல்களுக்கு நடுவே, நேற்று அக்காவோடு பேசிவிட்டு வைத்த ஒயர்லெஸ் ஹெட்செட் கிடந்தது. அதை அணைக்கவே மறந்திருந்தாள். நீல விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேசை மேலிருந்த மைக்கை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் காலையிலிருந்து பீரோவுக்குள் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறது!

ஹெட்செட்டை அணைத்ததும் மைக் உயிர்பெற்றது. மளமளவென்று வாசித்து முடித்து, வெயில் தாழும் முன்பே அனுப்பியும் விட்டாள். ‘அடுத்த புத்தகமும் உங்களுக்குத்தான்’ என்று பதிப்பாளரிடமிருந்து செய்தி வந்தபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“கேக்கற விதமா கேக்காம நான்தாங்க குதிச்சிருக்கேன்” என்றாள் சிரித்துக்கொண்டே. “அந்தத் தூங்காதவர் தங்கமான மனுஷன். ஒரு சலிப்பு உண்டா, ஒரு குத்தல் உண்டா? அவரைக் கட்டிக்கிட்டவ குடுத்து வெச்சவ.”

“அப்படிங்கற?”

“பின்ன? நீங்களும் இருக்கீங்களே! ஃபோனைக் குடுங்க, நானே நன்றி எழுதறேன்.”

“அதெல்லாம் நான் சொல்லியாச்சு...” என்று அவன் இழுக்க, அவள் பிடுங்கிக்கொண்டாள்.

காலையில் அவள் நிர்வாகியைத் திட்டியிருந்த வரிகளுக்குக் கீழே ஒரு கேள்வியும் இல்லை, ஒரு பதிலும் இல்லை. சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது: ‘தரக்குறைவாகப் பேசியதால் இன்று காலை முதல் ஒரு வாரத்துக்கு நீங்கள் இந்த மன்றத்தில் எதுவும் எழுத முடியாது.’

அவள் நிமிர்ந்து பார்த்தபோது, தூங்காதவன் கொட்டாவி விட்டபடி படுக்கையறைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான்.