கறுப்பு டேங்கர்

“இது வெள்ளையா கீதேண்ணா. கச்சா எண்ணெய் வண்டிக்குக் கறுப்பு டேங்கர்தான் வோணும். ஏணி, மூடி எல்லாம் நெசம் மாறியே இருக்கணும்.”

ராயபுரம் பொம்மைக்கடையில் கஸ்பார் அரை மணி நேரமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“புள்ளைக்குப் பொறந்த நாளா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணா. எண்ணூராண்ட கச்சா எண்ணெய் வண்டி ஓட்டிக்கினு வரசொல்லோ ஒருத்தர் குறுக்க வந்துட்டாரு. பிரேக் போட்டும் நிக்கல. மூணு மாசமா டூட்டிக்குப் போவல. ஹாரன் சத்தம் கேட்டாலே ஒடம்பு ஒதறுது. மொதல்ல பொம்மை வண்டிய ஓட்டிப் பாக்கச் சொன்னாரு டாக்டரு. அடுத்த வாரம் திரும்ப ஏறணும்.”

“பயப்படாத நைனா. நீ ஓட்டிடுவ.”

கஸ்பார் காசை எண்ணிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் தண்டவாளத்தைப் பொருத்தி, எஞ்சினோடு கறுப்பு டேங்கர்களைக் கோத்தான். ரிமோட்டைக் கட்டிலில் சுருண்டிருந்த மனைவியிடம் நீட்டினான்.

“நான் பக்கத்துலயே குந்திக்கினு கீறேன். நீ ஓட்டு மெர்லின்.”

லோகோ பைலட் மெர்லின் வெகுநேரம் தயங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். வண்டி ஒரு முழம் ஓடி நின்றது.

“இன்னொரு தபா ஓட்றேன்,” என்றாள்.