இறக்காத கொடி

பொத்தானை மறுபடி அழுத்தினார். எடைமேடைத் திரை அசையவில்லை.

வெளியே மேடைமீது ஒரு லாரி. அதன் பின்னால் நின்ற மூன்று, பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு எடைமேடைக்குத் திரும்பிப் போய்விட்டன.

எடைபோடும் கணினி நிரல் அவர் எழுதியது. அதில் குறை என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது.

வரிவரியாகப் படித்தார்.

அழுத்தல்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே வரும். எடை கிடைக்கும்வரை திரை உறையக் கூடாதே என்று, நடுநடுவே வரிசையைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் இன்னொரு அழுத்தல் நுழைந்துவிடும். முதல் வேலை முடியுமுன் அதே வேலை மறுபடி தொடங்கும். ஒரே லாரிக்கு இரண்டு சீட்டு.

அதைத் தடுக்க நிரலின் வாசலில் கொடி என்று ஓர் அடையாளம் வைத்திருந்தார். வேலை நடக்கும்போது கொடி மேலே. வருவது எதுவானாலும் திருப்பி அனுப்பு.

வேலை முடிந்தால் கொடி இறங்கும்.

பாதியில் முறிந்தால்?

அந்த வழியில் இறக்க மறந்திருந்தார்.

உள்ளே வேலை எதுவும் நடக்கவில்லை. கொடி மட்டும் மேலேயே இருந்தது.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் நித்திலா போனில் சொன்னதும் பாதிதான். "பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்ப்பா. கேக்குதா?"

துண்டித்தார். அவள் எண்ணைத் தடுத்து வைத்தார். குடும்பத்துக்கு என்று ஒரு பெயர் இருந்தது.

ஒவ்வொரு பேச்சிலும் நாலு தடவை கேட்பாள், கேக்குதா என்று.

ஒரு வரி சேர்த்தார். எந்த வழியாக வெளியேறினாலும் கொடி இறங்கும்.

பொத்தான் வேலை செய்தது. லாரி நகர்ந்தது.

கைபேசியை எடுத்தார். அந்தத் தடையையும் நீக்கினார்.

திரையையே பார்த்திருந்தார். ஒன்றும் வரவில்லை. திருப்பி அனுப்பியவை எந்த வரிசையிலும் நிற்பதில்லை. அவருக்குத் தெரியாததா?

கைபேசியைத் திரை மேலே இருக்க மேசைமீது வைத்தார். இனி அவள் கூப்பிடட்டும்.

சீட்டு போடும் பூங்கோதை எட்டிப் பார்த்தாள்.

"சரிபண்ணிட்டீங்க சார், சரி. திரும்பிப் போனவங்களுக்கு அது எப்படித் தெரியுமுங்க? நாமதானுங்க கூப்பிட்டுச் சொல்லோணும்."

லாரிக்காரர்களின் எண்களைத் தேடி அழைக்கத் தொடங்கினாள்.

அவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

கேக்குதா என்று தொண்டைக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.